மீன் வாசம் படும் போன்: அத்தைக்காகப் பார்த்த மூன்று வழிகள்

அத்தையின் பழைய போன் போன மாதம் தானாகவே மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டது. ஒருவர் ஐஸ் வண்டிக்காரர், ஒருவர் மாமாவின் சம்பந்தி, மூன்றாவது ஆள் யாரென்று அத்தைக்கே தெரியவில்லை. தொடாதபோது டச் ஓடுகிறது, தொட்டால் ஓடுவதில்லை. ஆறு வருஷம் உழைத்த செட்டு. "இனிமே இத்த நம்பி யாவாரம் பண்ண முடியாது நைனா, பத்தாயிரத்துக்குள்ள ஒண்ணு பாரு" என்றார்.

அத்தை விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் பலகை போட்டு விற்பவர். எனக்குப் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நடந்தால் போன் கடைகள் இருக்கிற பர்மா பஜார் வந்துவிடும். ஆக, போன் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பத்தாயிரத்துக்கு மூன்று வழி இருந்தது. ஏழாயிரம் சொச்சத்துக்குப் புது 4ஜி போன். பத்தாயிரத்தை ஒட்டிப் புது 5ஜி போன். இல்லையென்றால், நாலைந்து வருஷத்துக்கு முன் முப்பது நாற்பதாயிரத்துக்கு விற்ற உயர்ந்த ரகத்தைப் பழையதாக அதே பத்தாயிரத்துக்கு எடுப்பது. என் மனசு முதலில் மூன்றாவதில்தான் நின்றது. பளிச்சென்ற திரை, நல்ல கேமரா, உலோகச் சட்டம். கையில் பிடித்தாலே கௌரவமாக இருக்கும். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் அத்தையின் பலகை பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுப்போனது.

அந்த ஒரு மணி நேரத்தில் அத்தையின் கை ஒரு தடவைகூடக் காயவில்லை. சங்கராவைச் செதில் சீவுகிறார், ஐஸைக் கிளறுகிறார், தண்ணீர் தெளிக்கிறார், போன் அடிக்கிறது, புடவையில் ஒரு துடைப்பு, திரையில் விரல். ஒன்றும் நடப்பதில்லை. மறுபடி துடைப்பு, மறுபடி விரல். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் பழைய போன் மட்டும் இல்லை. இன்றைக்கு விற்கிற எல்லா டச் போனிலும் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றில் எப்போதும் ஒரு சின்ன மின்புலம் இருக்கும். நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால் விரல் பட்ட இடத்தில் அது கொஞ்சம் மாறுகிறது. மாறின இடத்தைத்தான் போன் 'தொட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தைச் செய்யும், உப்புத்தண்ணீர் இன்னும் நன்றாகவே செய்யும். ஆகவே ஈரக் கையால் தொட்டால், ஒரு விரலா பத்து விரலா என்று போனுக்குக் குழப்பம். துளி எது, விரல் எது என்று பிரிக்க வேண்டியது உள்ளே இருக்கிற டச் சில்லும் அதன் மென்பொருளும். விலை குறைந்த போனில் கம்பெனி காசை மிச்சம் பிடிக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. அதன் மேல் நாம் வேறு ஐம்பது ரூபாய் டெம்பர் கிளாஸை ஒட்டுகிறோம். ஓரத்தில் மட்டும் பசை உள்ள டெம்பர் என்றால் நடுவில் காற்று இடைவெளி வேறு. காய்ந்த விரலுக்கே இரண்டு தடவை அழுத்த வேண்டிவரும்.

எனவே கடைக்குப் போகும்போது ஒரு கைக்குட்டையை நனைத்துப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போனேன். டெமோ பீஸை வாங்கி, விரலை நனைத்து, டயல் பேடில் பத்து எண் அடித்துப் பார்ப்பது. கடைப்பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மூன்றாவது கடையில் அவனே ஆர்வமாகித் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டான். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காமல் இதைக் கேட்டுக்கொண்டு வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லேசான ஈரத்தை எல்லாப் போனும் ஒருவாறு சமாளித்தது. துளி நின்றால் புதுப் போன்கள் இரண்டும் தடுமாறின. பழைய உயர்ரகம் கொஞ்சம் பரவாயில்லை. அங்கும் பத்தில் இரண்டு மூன்று எண் தப்பாகத்தான் விழுந்தது. அதாவது, நான் பெரிதாக நினைத்துப் போன வேற்றுமை அவ்வளவு பெரிதாக இல்லை. இப்போது சில கம்பெனிகள் மழைத்தண்ணீரிலும் டச் ஓடும் என்று தனியாகவே விளம்பரம் செய்கின்றன. அந்த வசதி இருக்கிற போன் உங்கள் விலைக்குள் கிடைத்தால், மற்ற பத்து அம்சங்களைத் தள்ளிவிட்டு அதைப் பார்க்கலாம்.

விரல்ரேகை விஷயம் இன்னும் மோசம். இந்த விலையில் அது பெரும்பாலும் பக்கவாட்டுப் பட்டனில் இருக்கும். முப்பது வருஷமாக ஐஸும் செதிலும் தேய்த்த விரல் அத்தையுடையது. ரேஷன் கடை மெஷினே அவரை அடையாளம் கண்டுகொள்ளப் பல தடவை கெஞ்ச வைக்கும். ஆகவே 'வேகமான விரல்ரேகை சென்சார்' என்று அட்டையில் போட்டிருப்பதற்கு எங்கள் கணக்கில் மதிப்பெண் பூஜ்யம். நான்கு இலக்க ரகசிய எண்தான்.

ஈரம் என்றதும் பலரும், தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற ஐ.பி. எண்ணைச் சொல்வார்கள். ஐ.பி.52, ஐ.பி.54 என்றால் தூறல், தெறிப்பு வரை தாங்கும். ஐ.பி.68 என்றால் தண்ணீரில் முக்கினாலும் குறிப்பிட்ட நேரம் தாங்கும். பழைய உயர்ரகங்களில் சிலவற்றுக்கு இந்த 68 உண்டு என்பதுதான் பர்மா பஜாரில் எனக்குச் சொல்லப்பட்ட பெரிய வாதம். இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் தண்ணீரில் இல்லை. உப்பு ஈரம் சார்ஜ் துளைக்குள் போனால் ஊசிகள் பச்சை பூத்துப்போகும். இரண்டாவது, அந்தப் போனை ஒரு தடவை பேட்டரிக்காகவோ டிஸ்ப்ளேக்காகவோ திறந்திருந்தாலே உள்ளே இருக்கிற பசை முத்திரை போய்விடும். பழைய கடையில் இருக்கிற போன் திறக்கப்படவே இல்லை என்று யாரும் கையடித்துச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

பழையது எடுப்பதில் இன்னும் சில சங்கடங்கள். லித்தியம் பேட்டரி ஐந்நூறு முழுச் சார்ஜைத் தாண்டினால் பொதுவாக அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நாலு வருஷப் போன் என்றால் அந்தக் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். மாற்றலாம், ஆனால் ஒரிஜினல் பேட்டரி கிடைக்குமா என்பது தனிக்கதை. இந்த உயர்ரகங்களில் இருப்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற அமோலெட் திரை, அது உடைந்தால் போன் வாங்கின விலையில் பாதியைக் கேட்பார்கள். செலவைக் குறைக்கச் சாதா எல்.சி.டி. பேனலைப் போட்டு ஒட்டின போன்களும் சுற்றுகின்றன. கறுப்புப் படத்தைத் திறந்து இருட்டில் பாருங்கள்: கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அது அமோலெட் இல்லை. அப்புறம் முக்கியமானது, அது திருட்டு போனா என்பது. நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அடித்தால் வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண்ணை, முன்னால் கே.ஒய்.எம். என்று ஆங்கில எழுத்தில் போட்டு, ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்றோ வந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நான் பார்த்த நாலு பீஸில் ஒன்றுக்கு, எண்ணைக் காட்டவே கடைக்காரர் தயங்கினார். பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

சரி, புதுப் போன்களுக்கு வருவோம். பேசுவதற்கு வசதியாக 2025-ல் வந்த இரண்டைச் சொல்கிறேன். விலைகள் அறிமுகச் சமயத்தில் சொன்னவை, கடையில் முன்னே பின்னே இருக்கும். 4ஜி பக்கம் ரெட்மி ஏ5: 4 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. சேமிப்பு 7,499 ரூபாய். 5ஜி பக்கம் சாம்சங் எஃப்06 5ஜி: அதே 4 ஜி.பி., 128 ஜி.பி., பத்தாயிரத்தை ஒட்டி.

அட்டையில் இருப்பதைப் படித்தால் விலை குறைந்ததே ஜெயிக்கிற மாதிரி இருக்கும். 6.88 அங்குலத் திரை, 120 ஹெர்ட்ஸ், 5200 எம்.ஏ.எச். பேட்டரி. எண்கள் எல்லாம் பெரிசு. ஆனால் அந்தப் பெரிய திரையில் இருப்பது எச்.டி. ப்ளஸ் புள்ளிகள்தான், அங்குலத்துக்குச் சுமார் 260. சாம்சங்கும் இதே ஜாதிதான், 6.7 அங்குலம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிற அத்தைக்கு இது குறையே இல்லை. புள்ளி குறைவாக இருப்பதால் பேட்டரியும் நிற்கும். 120 ஹெர்ட்ஸ் என்பது தள்ளும்போது வழவழவென்று ஓடுவது. தள்ளுகிற வேகத்துக்குச் சில்லு ஈடுகொடுக்காவிட்டால் அதுவும் திக்கும்.

கேமராவைப் பற்றி ஒரே வரி: பின்னால் இரண்டு மூன்று வட்டம் தெரிந்தால் அதில் ஒன்றுதான் கேமரா, மற்றவை பெரும்பாலும் அழகுக்கு. 'கூடுதல் ரேம்' என்று 4-ஐ 8 ஆக்கிக் காட்டுவதும் அப்படித்தான். சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தை ரேம் மாதிரி கடன் வாங்குகிறார்கள். இந்த விலையில் சேமிப்பே மெதுவான இ.எம்.எம்.சி. வகையாக இருப்பது சகஜம். மெதுவான இடத்தில் கடன் வாங்கினால் வேகம் எங்கிருந்து வரும்?

சேமிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கட்சி. 64 ஜி.பி.யில் சிஸ்டமே ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும். அத்தை இருக்கிற குழுக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் விடிந்தால் முப்பது காலை வணக்கம். இந்த வகைச் சேமிப்பு நிரம்ப நிரம்ப போன் ஹேங் ஆகும். பழைய செட்டு கடைசி இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்ததற்கு அதுதான் காரணம், டச் பிறகுதான் போனது. 128-க்குக் கொடுக்கிற கூடுதல் ஆயிரம் வீண்போகாது. இந்த விலை போன்கள் பலவற்றில் மெமரி கார்டு துளை உண்டு, இயர்போன் துளையும் உண்டு. பழைய உயர்ரகங்களில் பலவற்றில் இரண்டும் கிடையாது. ஏழைப் போனுக்கும் சில பெருமைகள்.

இப்போது 5ஜி. 2022 அக்டோபரில் ஏர்டெல் 5ஜி தொடங்கிய முதல் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. வட சென்னையில் சிக்னல் இல்லை என்கிற சாக்கு இனிமேல் எடுபடாது. ஆனால் 180 ரூபாய்க்கு நெத்திலி வாங்கி ஸ்கேன் செய்கிற பரிமாற்றத்துக்குத் தேவைப்படுவது துளியூண்டு டேட்டா. அதற்கு 4ஜி தாராளம். 5ஜி-யால் லாபம் அத்தையின் பேரனுக்குத்தான். தினம் இரண்டு ஜி.பி. தருகிற திட்டங்களில் 5ஜி போனுக்கு மட்டும் அளவில்லா டேட்டா தருகிறார்கள், சாயந்திரம் அவன் கார்ட்டூன் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி, 8,499 ரூபாய் என்ற விலையோடு எங்கள் பட்டியலிலும் நுழைந்தது. 4ஜி விலைக்குப் பக்கத்திலேயே 5ஜி! ஆனால் அது எஸ்.ஏ. எனப்படும் தனித்த 5ஜி-யை மட்டும் ஆதரிக்கிறது. ஜியோ கட்டினது அந்த வகை. ஏர்டெல் தன் 5ஜி-யைப் பழைய 4ஜி மேல் ஏற்றி ஓட்டுகிற என்.எஸ்.ஏ. வழியில் விரித்தது. ஆகவே நாங்கள் பார்த்த சமயத்தில் அந்தப் போனில் ஏர்டெல் சிம் போட்டால் 4ஜி-யில்தான் ஓடும் என்ற நிலை. அத்தையின் சிம் பதினைந்து வருஷ ஏர்டெல், வங்கி, ஆதார், வாடிக்கையாளர் எல்லாம் அதில்தான். ஜியோ சிம் இருப்பவருக்கு அது நல்ல பேரம். எங்களுக்கு இல்லை. 5ஜி என்று அட்டையில் போட்டிருந்தாலும் உங்கள் சிம்முக்கு எது பொருந்தும் என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள்.

பிறகு எதற்கு 2,500 ரூபாய் கூடக் கொடுப்பது? இந்தக் கேள்வியில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். அந்தப் பணம் சின்னதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஃபைபர் படகு கொண்டுவருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் விலை ஏறும், அத்தை பாதி நாள் கடை போட மாட்டார். கடைக்காரர் 'வட்டியில்லாத் தவணை, மாசம் ஆயிரம்தான்' என்று ஆசை காட்டினார். கடலுக்குத் தடை உண்டு, தவணைக்குத் தடை ஏது? மொத்தக் காசையும் முன்னாலேயே கொடுப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது. அப்படியானால் 7,500-தானே சரி?

எனக்கு மனம் மாறினது அப்டேட் கணக்கில். எஃப்06 5ஜி-க்கு நான்கு தலைமுறை ஆண்ட்ராய்டும் நான்கு வருஷப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறது. பத்தாயிரத்துக்குள் இது அபூர்வம். போனில் பணம் வைத்திருப்பவருக்கு இது ஆடம்பரம் இல்லை. பழைய ஆண்ட்ராய்டைப் பணப்பரிமாற்ற ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். வாட்ஸ்அப்பே 2025-ல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இருந்த போன்களை விட்டுவிட்டது. அத்தை போன் மாற்றுகிறவர் இல்லை, போன் செத்தால் அடக்கம் செய்கிறவர். ஆறு வருஷம் ஓட்டப்போகிறவருக்கு வாங்கும்போது முதல் நாள் விலையைவிட நாலாவது வருஷம் அது என்ன நிலையில் இருக்கும் என்பதுதான் பேச்சு. பர்மா பஜார் உயர்ரகம் அடிபட்டதும் இங்கேதான். அதன் அப்டேட் காலம் முடிந்தேவிட்டது, அல்லது முடியப்போகிறது.

வெயில் மட்டும்தான் பழையதுக்கு நியாயமான வெற்றி. பதினோரு மணி வெயிலில் அமோலெட் திரை தெளிவாகத் தெரிந்தது. புதுப் போன்களின் எல்.சி.டி.யில் கையைக் குடையாகப் பிடிக்க வேண்டியிருந்தது. வியாபாரத்தில் இது சும்மா இல்லை. 'அனுப்பிட்டேன்கா' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் வந்ததா என்று உடனே தெரிய வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது போன் செய்ய வேண்டிய வேலையே இல்லை. பணம் வந்ததைத் தமிழில் சத்தமாகச் சொல்கிற பெட்டி இருக்கிறது, பக்கத்துப் பூக்கடையில்கூட வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் பலகைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டால் ஈரக் கையும் வெயிலும் இரண்டும் பாதிக்குப் பாதி தீர்ந்தது. கடைக்குக் கடை போன் ஆராய்ந்த எனக்கு இது கடைசியில்தான் தோன்றியது என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

பேட்டரியைப் பொறுத்தவரை புதுப் போன் இரண்டில் எதை எடுத்தாலும் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் போய் நாட்கணக்கில் வரவில்லை. அப்போது வீட்டில் கடைசிவரை உயிரோடு இருந்தது என் பெரிய போன் இல்லை, தங்கையின் ஏழாயிரம் ரூபாய் போன். சாம்சங் பெட்டியில் சார்ஜர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். பத்தாயிரத்துக்குள் என்று சொன்ன கணக்கு அங்கே ஒழுகிவிடும். வீட்டில் நல்ல சார்ஜர் ஒன்று சும்மா கிடந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

கடைசியில் இரண்டு புதுப் போனையும் அத்தை முன்னால் வைத்து என் காரணங்களை எல்லாம் சொன்னேன். அவர் இரண்டையும் இடுப்பில் இருந்த சுருக்குப்பைக்குள் நுழைத்துப் பார்த்தார். இரண்டும் நுழையவில்லை. "இம்மாம் பெரிசா இருந்தா எங்க சொருவறது?" என்றார். பத்தாயிரத்துக்குள் சின்ன போன் என்று ஒன்று இப்போது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்தக் குறையை எந்த அட்டையிலும் போடுவதில்லை. கழுத்தில் மாட்டுகிற தண்ணீர் புகாத உறை நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. சார்ஜ் துளையும் அதற்குள் அடக்கம்.

5ஜி-தான் எடுத்தோம், மார்ச் கடைசியில், மொத்தக் காசு கொடுத்து. ஜியோ சிம்மும் குறைந்த பட்ஜெட்டும் உள்ளவர் என்றால் நானே வேறு சொல்லியிருப்பேன். இரண்டு மூன்று வருஷத்தில் போனை மாற்றிவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு 7,499 ரூபாய் போன் போதும்.

போன வாரம் மறுபடி பலகை பக்கம் போனேன். கானாங்கத்தையை நறுக்கிக்கொண்டிருந்தார், கை முழுக்க ரத்தமும் ஐஸும். போன் அடித்தது. நான் கைக்குட்டையை எடுப்பதற்குள் இடது கையின் சுண்டுவிரலை மடக்கி, ஈரம் படாத அந்த முட்டியால் உறை மேலேயே ஒரு இழுப்பு இழுத்தார். எடுத்தது. "அலோ, வஞ்சிரம் இல்ல, சங்கரா இருக்கு, வரியா?"